காமிராவோடு வந்த கண்ணாடி

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களில் கும்பகோணத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தது நம்மைச் சற்றே யோசிக்க வைத்தது. அவருடைய பாட்டியாருக்கு வயது 83. வீட்டில் பாட்டியாருடைய படம் என்று இருப்பவை இரண்டே. ஒன்று, யாரோ உறவினர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் தெரியும் பாதி முகம். மற்றொன்று ஆதார் அட்டையில் இருப்பது. அதைப் படம் என்று ஒப்புக்கொள்ளப் பாட்டியார் மறுக்கிறாராம். நாமும் அவர் கட்சியே.

அன்பர் போன வருஷம் ஒரு காமிரா வாங்கினார். அதோடு கூடவே 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் பெட்டியில் வந்தது. கூடத்தில் பாட்டியாரை உட்கார வைத்துப் பல தினங்கள் முயன்றும் படங்கள் மங்கலாகவே விழுந்தன. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "இந்தக் கண்ணாடியில் இவ்வளவுதான் வரும் சார்" என்று சொல்லி, அவர் 60,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள வேறொரு லென்ஸை எடுத்து வைத்து, மாதத் தவணையிலும் தருவதாகக் கூறினாராம். "வாங்கலாமா? பாட்டிக்கோ வயதாகிக்கொண்டு போகிறது" என்று கடிதம் முடிகிறது.

வாங்க வேண்டாம் என்பது நமது பதில். ஆனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது உபதேசமாகிவிடும். காரணமும் மாற்று வழியும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைக்காரர் சொன்னதில் உண்மை அறவே இல்லாமலில்லை. லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரத்தின் அளவை எஃப் எண்ணால் குறிக்கிறார்கள். எண் சிறிதாக ஆக, துவாரம் பெரிது. அன்பருடைய லென்ஸை 55 என்ற முனைக்குத் திருப்பினால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 வரையில் திறக்கும் லென்ஸோடு ஒப்பிட்டால் அதனுள் புகும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். குழல் விளக்கு எரியும் கூடத்தில் அந்தக் குறைந்த வெளிச்சத்தைக் கொண்டு படம் விழவேண்டுமானால் காமிராவின் கதவு ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு நேரமாவது திறந்திருக்க வேண்டும். அந்நேரத்துக்குள் பாட்டியார் தலையை அசைப்பார், வெற்றிலையை மெல்லுவார், "எடுத்தாயிற்றா?" என்றும் கேட்பார். படம் கலைகிறது. இதில் கண்ணாடியின் குற்றம் எங்கே இருக்கிறது?

மங்கலான படம் கிடைத்தால் முதலில் அதை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்து, எவ்வகை மங்கல் என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லையே. சுவரிலுள்ள காலண்டர் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. காலண்டர் தெளிவாயிருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கி, பின்னாலிருக்கும் ஊஞ்சல் சங்கிலி கணுக்கணுவாகத் தெரிந்தால் குவியம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. படம் முழுவதும் பால் தெளித்தாற்போல் வெளுத்திருந்தால், ஜன்னல் வெளிச்சம் நேரே லென்ஸுக்குள் புகுந்திருக்கிறது, அல்லது குழந்தை கண்ணாடியில் விரல் வைத்திருக்கிறது. இவை யாவும் இல்லாமல், நடுப்பாகம் நன்றாயிருந்து நான்கு மூலைகளும் மாத்திரம் கரைந்திருந்தால்தான் லென்ஸின் மேல் பழி போடலாம். நம்மிடம் நேயர்கள் அனுப்பும் படங்களில் இந்தக் கடைசி வகை மிக அபூர்வம்.

மலிவான லென்ஸ் என்பது இன்று நேற்று வந்த சங்கதியன்று. 1900-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கோடக் கம்பெனியார் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். அட்டைப் பெட்டி, முன்னால் பிறை வடிவில் ஒற்றைக் கண்ணாடித் துண்டு. குவியத்தைத் திருத்த வழியில்லை. அந்தக் கண்ணாடியின் யோக்கியதை அதைச் செய்தவர்களுக்கு நன்றாய்த் தெரியும். ஆகையால் துவாரத்தை மிகச் சிறிதாக வைத்தார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள், பெட்டியை இடுப்போடு அணைத்துப் பிடியுங்கள், ஆளை அதிகம் நெருங்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எல்லைக்குள் நின்று எடுத்தவர்களுக்கு அட்டைப் பெட்டி துரோகம் செய்யவில்லை. இரண்டு மூன்று தலைமுறைக் குடும்பங்களின் முகங்கள் உலகமெங்கும் அவ்விதம் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

நம் நாட்டிலும் அந்த வம்சத்தைச் சேர்ந்த காமிரா ஒன்று உற்பத்தியாகி வந்தது. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்த அக்ஃபா கிளிக் 3 என்பதைப் பல வீடுகளில் பரண்மேல் இன்றும் காணலாம். ஒரு சுருளுக்கு 12 படம். சுருளுக்கும் வெளிநாட்டையே நம்பியிருக்கக் கூடாதென்று 1960-இல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாபிக்கப்பட்டது. 1967-இல் அங்கே உற்பத்தி துவங்கிற்று. இந்து என்ற பெயருடன் அந்தப் பிலிம் கடைகளில் வந்தது. இப்போது அந்தத் தொழிற்சாலையில் வேலை நின்றுவிட்டது. இன்று நாம் வாங்கும் லென்ஸுகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஆகையால் தேவைக்கு மேல் ஒன்று வாங்கும்போது போவது நம் பையிலுள்ள பணம் மட்டுமல்லவென்பதைச் சொல்லி, மேலே செல்கிறோம்.

காந்தியடிகளின் படங்களில், அவர் சேவாக்கிராமத்தில் நடமாடுவதும், எழுதுவதும், நோயாளியைக் கவனிப்பதுமாக உள்ள பலவற்றை எடுத்தவர் கனு காந்தி. அவர் மகாத்மாவுக்கு உறவுமுறையில் பேரன். படம் எடுக்க அனுமதி கேட்டபோது காந்தியடிகள் மூன்று நிபந்தனைகள் விதித்தார். பளிச்சென்ற செயற்கை விளக்கை உபயோகிக்கக் கூடாது. இப்படி நில்லுங்கள், அப்படிப் பாருங்கள் என்று கேட்கக் கூடாது. ஆசிரமத்துப் பணத்தில் ஒரு காசும் இதற்குத் தரப்படாது. கன்ஷியாம் தாஸ் பிர்லா கொடுத்த 100 ரூபாயைக் கொண்டு அவர் ரோலிஃபிளெக்ஸ் காமிராவும் பிலிமும் வாங்கினார். 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1948 வரையில் அந்த மூன்று விதிகளுக்கும் உட்பட்டே படமெடுத்தார்.

ரோலிஃபிளெக்ஸின் லென்ஸ் நல்ல லென்ஸ்தான். அதை மலிவுச் சரக்கென்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது மாற்ற முடியாத ஒரே லென்ஸ். தூரத்திலுள்ளதை இழுத்துக் காட்டாது. பெரிதாக வேண்டுமானால் கிட்டே போகவேண்டும். வெளிச்சம் இல்லையானால் வெளிச்சம் வருமிடத்தில் காத்திருக்க வேண்டும். காந்தியடிகளோ ஒருவருக்காகவும் காத்திருப்பவரல்லர். இத்தனைக்கும் நடுவில் கனு காந்திக்கு இருந்த சௌகரியம், அவர் அந்த வீட்டுப் பிள்ளை; எந்த வேளையில் எந்தத் தாழ்வாரத்தில் வெயில் விழும், பாபுஜி எப்போது அங்கே வருவார் என்பது அவருக்குத் தெரியும். 60,000 ரூபாய் லென்ஸைக் கையில் வைத்திருக்கும் எந்த அந்நியனுக்கும் கும்பகோணத்து வீட்டில் கிடைக்காத அதே சௌகரியம் நம் அன்பருக்கும் இருக்கிறது.

ஆகையால் அவர் செய்யவேண்டியது இது. கூடத்தை விட்டுவிடட்டும். காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்கு, தெருவில் வெயில் வந்து, வாசலில் நேர் வெயில் படாமலிருக்கும் நேரமாகப் பார்த்து, வாசற்படிக்குச் சற்று உள்ளே நிலையை ஒட்டி நாற்காலியைப் போட்டுப் பாட்டியாரைத் தெருவைப் பார்க்க உட்கார வைக்கட்டும். தெருவின் வெளிச்சம் முழுவதும் முகத்தில் மெத்தென்று விழும். முதுகுக்குப் பின்னால் ரேழி இருட்டாயிருக்கும். பின்புறத்தை மங்கலாக்கத்தானே பெரிய லென்ஸ் வேண்டுமென்கிறார்கள்? இருட்டாயிருப்பதை மங்கலாக்க அவசியமே இல்லை. ரேழி நமக்குச் செலவின்றிக் கிடைத்த கறுப்புத் திரை.

அன்பர் திண்ணையோரமாக ஐந்தடி தூரத்தில், வெளிச்சத்தை மறைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். லென்ஸை 55-இல் வைத்துக் காமிராவை நெடுக்காகப் பிடித்தால் தலையும் தோளும் அளவாக அடங்கும். 18-இல் வைத்துக்கொண்டு முகத்தருகே போகிறவர்கள் உண்டு. அப்போது மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். பாட்டியார் ஆதார் அட்டையே தேவலை என்பார். இது லென்ஸின் கோணலன்று. அவ்வளவு கிட்டத்திலிருந்து நம் ஒற்றைக் கண்ணுக்கும் முகம் அப்படித்தான் தோன்றும்.

துவாரம் எஃப் 8. ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன் 400. அந்நேரத்து நிழல் வெளிச்சத்தில் இவற்றுக்கு 1/125 விநாடி ஏறக்குறையச் சரியாக இருக்கும். வெளிச்சம் குறைந்திருந்தால் உணர்திறனை 800 ஆக்கலாமேயன்றி விநாடியை நீட்டக் கூடாது. சிறுசிறு மணலாகத் தெரியும் படத்தை மன்னித்துவிடலாம். கலைந்த முகத்தை என்ன செய்தும் திருத்த முடியாது. பின்னால் இருட்டு அதிகமாகையால் காமிரா ஏமாந்து முகத்தை வெளுக்கடித்துவிடும். அதற்காக வெளிச்சத் திருத்தத்தைக் கழித்தல் 1 என்று வைக்கவேண்டும். குவியப்புள்ளி, காமிராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் இருக்கட்டும். மூக்குத்தியின் மேல் வைத்துவிட்டு, மூக்குத்தி மட்டும் ஜொலிக்கிறதென்று நமக்கு எழுதுவோர் அநேகர்.

எஃப் 8 என்று ஏன் சொன்னோம்? எளிய லென்ஸில் துவாரத்தை முழுக்கத் திறந்தால் கண்ணாடியின் ஓரங்கள் வழியாகவும் கதிர்கள் வருகின்றன. ஓரத்துக் கதிர்களும் நடுக்கதிர்களும் ஒரே இடத்தில் சேர்வதில்லை. இதைச் சரிப்படுத்தத்தான் விலையுயர்ந்த லென்ஸில் கண்ணாடி மேல் கண்ணாடியாக அடுக்குகிறார்கள். துவாரத்தைச் சற்றுக் குறுக்கினால் ஓரத்துக் கதிர்கள் தடுக்கப்பட்டு, நல்ல பாகம் மட்டும் வேலை செய்கிறது. எஃப் 8-இல் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மலிவு லென்ஸ், எது உசத்தி லென்ஸ் என்று கேட்டால் கடைக்காரரே திணறுவார். ஆனால் குறுக்குவது நல்லதென்று 22 வரையில் போய்விடக் கூடாது. மிகச் சிறிய துவாரத்தில் வெளிச்சமே விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி மழுங்கும்.

குழந்தைகளைப் பற்றி: ஓடுகிற பிள்ளைக்கு 1/250-க்குக் குறைந்தால் பிரயோஜனமில்லை. நடுக்கம் தாங்கும் யந்திரம் லென்ஸிலேயே இருக்கிறதென்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிரப் பிள்ளையின் ஓட்டத்தைத் தாங்காது.

கொலுவைப் படமெடுக்கும் விஷயம் நவராத்திரி சமயத்தில் எல்லாரையும் வருத்துகிறது. பொம்மைகள் அசைவதில்லை என்ற ஒரு பெரிய நன்மையை மறந்து, விளக்கைப் பளிச்சென்று அடித்து, மரப்பாச்சியின் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழவைக்கிறார்கள். முக்காலியோ, ஒரு ஸ்டூலின் மேல் நாலு தடித்த புஸ்தகமோ போதும். நடுப்படியின் உயரத்துக்குக் காமிரா வரவேண்டும். கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் படிகள் கோபுரம்போல் மேலே குறுகும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஒரு விநாடி. தானே இரண்டு விநாடி கழித்து இயங்கும் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். லென்ஸை 18-இல் வைத்தால் இருபக்கத்துக் கடைசிப் பொம்மைகள் வீங்கித் தோன்றும். நாலடி பின்னால் போய் 30 அல்லது 35-இல் எடுப்பது மேல். ஒரே பொம்மையைப் பெரிதாக வேண்டுமா? இவ்வகை லென்ஸுகளில் பல, 55 முனையில் முக்கால் அடி, ஓரடி வரையிலும் கூடக் குவியும். கோலத்தின் இழை, நகையின் வேலைப்பாடு, பவழமல்லிப்பூ எல்லாம் இதில் ஆச்சரியமாக வருகின்றன. இந்தக் குணத்தைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்படியும் அன்பருக்கு ஒரு லென்ஸ் வாங்கித்தான் தீரவேண்டும் என்றிருந்தால், நாம் சொல்வது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8. கேனன், நிக்கான் முதலிய கம்பெனிகள் தத்தம் காமிராவுக்கு ஏற்றபடி செய்கின்றன. கடைக்காரர் காட்டியதன் விலையில் சிறு பகுதிக்கு வந்துவிடும். பழையதாக வாங்கினால் இன்னும் குறைவு. இவ்வளவு நல்ல லென்ஸ் இவ்வளவு மலிவாயிருக்கிறதே என்று சந்தேகிக்க வேண்டாம். ஜெர்மனியில் பால் ருடால்ஃப் என்ற நிபுணர் 1896-இல் வகுத்த ஆறு கண்ணாடி அமைப்பின் வழிவந்தது இது. நூறு வருஷத்துக்கு மேல் பலரும் கையாண்டு பழகிய முறையாகையால் ஆராய்ச்சிச் செலவு கிடையாது, லக்ஷக்கணக்கில் வார்க்கிறார்கள். மிச்சம் பிடித்ததெல்லாம் கூட்டில்தான். கேனன் கம்பெனியார் 1990-இல் வெளியிட்டதில் காமிராவோடு பொருந்தும் வளையம்கூடப் பிளாஸ்டிக். 2015-இல் வந்ததில் அதை மீண்டும் உலோகமாக்கினார்கள்.

இதை வாங்கினவர்கள் எல்லாரும் முதல் மாதம் எல்லாவற்றையும் 1.8-இலேயே எடுப்பார்கள், இது பால்யத்துக் காய்ச்சல்போல் வந்து போகவேண்டியது. சாதாரணக் காமிராவில் மூன்றேகால் அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஓர் அங்குலந்தான். ஒரு கண் தெளிவாயிருக்கும். மற்றொன்று மூடுபனியில் இருக்கும். எஃப் 2.8 அல்லது 4-இல் வைத்தால் முகம் தப்பும்; லென்ஸும் அங்கேதான் தன் முழுத் திறமையைக் காட்டுகிறது.

மங்கலையே ஒரு பாணியாகச் செய்துகொண்டவர்களும் உண்டு. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரன் என்ற ஆங்கில மாது 48-ஆவது பிராயத்தில்தான் முதன்முதல் காமிராவைத் தொட்டார். குவியம் சற்று விலகிய அவருடைய முகப் படங்களை அக்காலத்து நிபுணர்கள் பரிகசித்தார்கள். இன்று அவை பெரிய கண்காட்சிசாலைகளில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, அங்கே தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார். ஆனால் அந்த அம்மாள் எங்கே மங்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்து மங்க வைத்தவர். நம் நேயர்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்குமுன் சற்று யோசிப்பார்களாக.

நிற்க. விலை எதுவாயினும், லென்ஸுக்கு நம் ஊரில் சத்துரு ஒன்றுதான்: பூஞ்சை. கடற்கரைப் பட்டணங்களிலும் காவேரிப் பாசன ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் படர்ந்துவிடும். உசத்தி லென்ஸ், மட்ட லென்ஸ் என்ற பேதம் அதற்கில்லை. தோல் உறையிலோ துணிப் பையிலோ போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பது, அதற்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாமல் மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளை ஒரு துணியில் முடிந்து போட்டு, அதற்குள் வைக்கவேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டதென்று பொருள். சமையலுக்கு எடுக்காத ஒரு வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வாரத்துக்கு ஒருநாள் லென்ஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உபயோகிப்பது இதைவிட நல்லது. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.

பாட்டியார் படம் சரியாக வந்ததும் அதைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டிராமல் 8-க்கு 12 அங்குலத்தில் தாளில் அச்சிட்டு, இரண்டு பிரதியாக, ஒன்றைக் கண்ணாடி போட்டு நேர் வெயில் படாத சுவரில் மாட்டவும். மற்றொன்றை நமக்கு அனுப்பி வைத்தால், பாட்டியாருடைய சம்மதத்தின்மேல் இந்தப் பகுதியில் பிரசுரிக்கிறோம்.